பைகளுக்குக் காவல்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1997 கோடை விடுமுறையின் 36 படங்கள் இருக்கின்றன. ஒரே ஃபிலிம் ரோல். தருமபுரியிலிருந்து வேன் பிடித்து, சுமார் 300 கிலோமீட்டர் போய், தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைப் பார்த்துவிட்டு வந்தோம். பூங்கா திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் கட்டியது என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

போன மாதம் அந்தப் படங்களை எண்ணினேன். தம்பி மட்டும் இருப்பவை 21. நானும் அக்காவும் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்பவை 9. வேனும் வாசலும் 4. அம்மா இருப்பவை 2. ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் புளிசோற்றுத் தூக்கு, காலடியில் எல்லாருடைய செருப்பும் பையும். இன்னொன்றில் பாதி முகம்தான். தம்பியை எடுக்கும்போது தவறி விழுந்தது.

ராட்டினத்தில் அம்மா ஏன் ஏறவில்லை? "அவளுக்குத் தலை சுத்தும்" என்பது 25 வருடத்துக்கு மேலாக எங்கள் குடும்பச் சரித்திரம். நானும் அப்படியே நம்பினேன். இப்போது படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"சுத்தும்னு நான் எப்பச் சொன்னேன்? ஏறிப் பாத்தாத்தானே தெரியும்?"

அம்மா பென்னாகரத்துப் பெண். ஒகேனக்கல் பரிசலில் ஏறி வளர்ந்தவள். பரிசல்காரர் துடுப்பைப் போட்டு நடு ஆற்றில் சுற்றும்போது "இன்னொரு சுத்து மாமா" என்று கேட்டவளாம். காவிரிச் சுழலில் சுற்றாத தலை, தாம்பரத்து இரும்பு ராட்டினத்தில் சுற்றிவிடும் என்று முடிவு செய்தது யார்? அவளைத் தவிர மற்ற எல்லாரும்.

அப்பா நல்லவர், கடன் வாங்கித்தான் கூட்டிப்போனார், அந்தக் காலம் அப்படி என்பார்கள். அப்பா நல்லவர்தான். அவளுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கினார். ஆனால் பையை யார் பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கெட்டவர்கள் யாருமில்லாமலே ஒரு பெண்ணின் நாளைப் பறித்துவிட முடியும். அதற்கு வழக்கம் போதும்.

அது எந்த மாவட்டம், எந்தக் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. பெண் சிசுக்கொலை என்றாலே எங்கள் மாவட்டத்தின் பெயரும் செய்தித்தாளில் வந்த காலம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. படத்தில் இடம்பெறவே பிழைத்திருக்க வேண்டிய ஊர் அது. அங்கே இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தவளுக்குக் கிடைத்தது பெஞ்சில் ஓர் ஓரம். அந்தப் பயணமே, மூன்றாவதாகப் பிறந்த மகனின் ஆசைக்காகத்தான்.

பழைய படங்களைப் பார்த்து உருகி எழுதுகிறவர்கள் அதிகம். "அம்மா எங்களுக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள்" என்று முடிப்பார்கள். விட்டுக்கொடுக்க அவள் கைக்கு எப்போது எது வந்தது? தராததைத் தியாகம் என்று பெயர் மாற்றி, அதற்கு மாலையும் போடுகிறோம். ராட்டினத்தில் கத்திச் சிரித்த நானும் இதில் பங்காளி. கீழே கையசைத்தவளைப் பார்த்துக் கையசைத்தேன். "ஏறும்மா" என்று ஒருதரம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு ஆல்பத்தையும் எடுத்து எண்ணுங்கள். பை பிடித்தவள் யார், கேமரா யார் கையில் என்று பாருங்கள். அவள் இருந்தால் அவளிடமே கேட்டுப் படத்தின் பின்னால் எழுதுங்கள். அடுத்த பயணத்தில் பைகள் ஆண்கள் மடிக்குப் போகட்டும்.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும் ஆடிக்கு ஒகேனக்கல் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். பரிசலில், நடுவில் உட்காருவாளாம்.