வாளையார் தாண்டுவது கூலிக்கு மட்டும்தானா?

வாளையார் தாண்டி நாள்தோறும் வேலைக்குப் போகும் நம் மக்களுக்குப் பாலக்காடு என்றால் என்ன? கஞ்சிக்கோட்டு ஆலை, கட்டட வேலை, சந்தைச் சுமை, சனிக்கிழமைக் கூலி, கடைசி பஸ். இவ்வளவுதான். ஊர் நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. அதன் எதிரே மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, கை கழுவி எழுந்து போகிறோம். அந்தக் கல்லை அங்கே வைத்தது யார், ஏன் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு நமக்கு ஓய்வும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

ஆகவே இத்திங்கள் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு, பாலக்காட்டுக் கோட்டையிலிருந்து கல்பாத்தி வரை நடப்போம்.

“சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா? கூலி உயர்வுக்கும் ரேஷன் அட்டைக்கும் போராட வேண்டியவர்கள் கோட்டை பார்க்கக் கிளம்புவதா?” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: “நீ இந்த ஊர்க்காரன் இல்லை” என்று சொல்லித்தானே நம் கூலியைக் குறைக்கிறார்கள்? அதே சொல்லைச் சொல்லித்தானே வாடகை வீட்டை மறுக்கிறார்கள்? அந்தச் சொல் உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதும் சங்க வேலைதான்.

பாதை முந்தியதா, எல்லை முந்தியதா?

மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். ரோமாபுரி நாணயங்கள் கோவையை அடுத்த வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. மேலைக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகம் நடந்த வழி இது. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப்பாதை போட்டபோதும் இந்த வாசல் வழியேதான் போட்டார்கள். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வாளையாரில் மாநில எல்லை வந்தது அதன் பிறகுதான். பாதைக்கு வயது ஈராயிரம். எல்லைக்கு ஓர் ஆயுள்கூட முழுதாக ஆகவில்லை.

அந்த எல்லையில் மைல் கணக்கில் லாரிகள் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சோதனை போயிற்று. சரக்குக்கு வழி எளிதாயிற்று. ஆளுக்கு? 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், அனுமதிச் சீட்டு இல்லை என்று வெயிலில் நிறுத்தப்பட்டவர்களை அதே வாளையார் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மலையாளிகள் என்பதை மறக்க வேண்டாம். எல்லை ஏழையிடம் மொழி பார்ப்பதில்லை.

கல் சுமந்தவன் பெயர் எங்கே?

நடை தொடங்கும் இடம் கோட்டை. ஊரார் இதைத் திப்பு கோட்டை என்பார்கள். 1766இல் கட்டியவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. கோழிக்கோட்டுச் சாமூதிரியை எதிர்க்கப் பாலக்காட்டு அரசர் அவரிடம் உதவி கேட்டார். உதவிக்கு வந்த படை கோட்டை கட்டும் அளவுக்கு வளர்ந்தது. மலைக்கு இருபுறமும் போக்குவரத்தைக் கையில் வைத்திருக்க இதைவிட நல்ல இடம் ஏது? அதனால்தான் ஆங்கிலேயரும் இதை விடவில்லை. 1768இல் கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்டன், 1790இல் கர்னல் ஸ்டூவர்ட். பிறகு இங்கிருந்தே சீரங்கப்பட்டணத்துக்கு எதிராகப் படை நடந்தது.

பாருங்கள், கைப்பற்றியவன் பெயர் ஆண்டோடு எழுதப்பட்டிருக்கிறது. அகழி வெட்டியவன், கருங்கல் உடைத்தவன், சாந்து குழைத்த பெண் ஆகியோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நம் கொத்தனாரும் சித்தாளும் அந்த மதிலருகே நின்று பார்க்கட்டும். கல்லோடு கல் எப்படிச் சேர்ந்திருக்கிறது, கொத்தளம் எப்படித் திரும்புகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? பேராசிரியர் தேவையில்லை; உளி பிடித்த கை போதும்.

கோட்டை மைதானத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் விக்டோரியா கல்லூரி. 1866இல் பள்ளியாகத் தொடங்கி, 1888இல் இப்பெயர் பெற்றது. அரசுக் கல்லூரி. இங்கே நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

நடக்கக் கூடாத தெரு

அடுத்து கல்பாத்தி. விசுவநாதசாமி கோயில், தேர்த் திருவிழா, வரிசை வீடுகள் கொண்ட அக்கிரகாரம். கோயில் கல்வெட்டை 1425ஆம் ஆண்டினது என்பர். இங்கே குடியிருந்தவர்களும் கணவாய்க்குக் கிழக்கே இருந்து வந்து குடியேறிய தமிழர்தாம். அவர்களுக்கு அரசர் ஆதரவும் நிலமும் கிடைத்தன. பின்னால் வந்த நமக்குக் கூடையும் மண்வெட்டியும் கிடைத்தன. வந்தவர் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இந்தத் தெருவே சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. 1924இல், பொதுச் சாலையில் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று சென்னை அரசு ஆணையிட்டது. அதை நம்பி, அந்த ஆண்டுத் தேரின்போது கல்பாத்தித் தெருவில் கால் வைத்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். மனம் வெறுத்துப் பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் சிறை புகுந்தார்.

இன்று நாம் அந்தத் தெருவில் செருப்புக் காலோடு, பிள்ளையைத் தோளில் வைத்து நடக்கலாம். நூறாண்டுக்கு முன் யாரோ அடி வாங்கியதால்தான் நடக்கிறோம். வெறும் நடை என்று எதையும் சொல்லிவிட முடியாது, தோழர்களே!

கால் ஓயவில்லை என்றால் சைனிமேடு வரை போகலாம். அலங்காரம் இல்லாத கருங்கல் சுவர்களோடு பழைய சமணக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் தம் ‘வீண பூவு’ கவிதையை 1907இல் எழுதியது இந்தச் சைனிமேட்டில்தான்.

நாம் கேட்பது

ஒன்று: கோட்டையின் வரலாறு தமிழிலும், உழைத்தவர்களை மறக்காமலும் பலகையில் எழுதப்பட வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இரண்டு: தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் 350-ஏ பிரிவை எல்லையோரப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த வேண்டும். பலகை எழுதினால் போதாது. படிக்கவும் பிள்ளை வேண்டும்.

மூன்று, இது நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் கட்டளை: நம்மோடு ஒரே ஆலையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளரையும் இந்த நடைக்கு அழைக்க வேண்டும். நேற்று நம்மிடம் சொன்ன “வெளியூரான்” என்ற சொல்லை இன்று நாம் அவர்கள்மீது வீசினால், கல்பாத்தித் தெருவில் அடித்தவர்கள் பக்கம் நிற்கிறோம் என்று பொருள்.

வரும் ஞாயிறு காலை கோட்டை வாசலில் கூடுவோம். பெண்களும் பிள்ளைகளும் முன்னே நடக்கட்டும்.