யந்திரத்தின் சுருதி

அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள பெர்மி ஆராய்ச்சிச்சாலையில் புதியதொரு நேர்கோட்டுத் துகள் முடுக்கி கட்டப்பட்டு வருகிறது. நியூட்ரினோ ஆராய்ச்சியிலும் அதற்கு வேண்டிய யந்திரங்களிலும் ஒத்துழைப்பதென்று 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் இந்திய, அமெரிக்க சர்க்கார்கள் உடன்படிக்கை செய்துகொண்டன. மும்பை, இந்தூர், கல்கத்தா, டில்லி நகரங்களிலுள்ள நமது ஆராய்ச்சி நிலையங்கள் இம்முடுக்கியின் உறுப்புகளைச் செய்வதில் பங்கு கொண்டிருக்கின்றன. ஆகவே இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு.

முடுக்கி எத்தனை கோடி வோல்ட் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அதன் சுருதியை யார் காப்பது என்று கேட்பாரில்லை. உலோகக் கூடுகளை வரிசையாக வைத்து, அவற்றுள் ரேடியோ அலையைச் செலுத்தி, அதன் வேகத்தால் துகள்களைத் தள்ளுவதே இந்த யந்திரம். கூட்டின் இயற்கை அதிர்வும் அலையின் அதிர்வும் ஒன்றுபட்டாலன்றிச் சக்தி உள்ளே சேராது.

அங்கு 1993-ம் வருஷம் பழைய முடுக்கியை 40 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்தியபோது செம்புக் கூடுகளைச் சேர்த்தார்கள். அவை வினாடிக்கு 80 கோடியே 50 லட்சம் தடவை அதிர்வன. செம்பு ஒரு டிகிரி சூடேறினால் இந்த எண்ணிக்கையில் சுமார் 13,000 குறைந்துவிடும். குளிர்நீரின் சூட்டை அளந்து அளந்து சரிசெய்வதே அங்கே சுருதி சேர்க்கும் வித்தை. வெயிலில் மிருதங்கம் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

புதிய முடுக்கியோ 80 கோடி எலெக்ட்ரான் வோல்ட் பலமுடையது. அதன் கூடுகள் நியோபியம் என்னும் உலோகத்தாலானவை; கடுங்குளிரான திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருப்பவை. அவற்றுள் ஒரு வகை வினாடிக்கு 65 கோடி தடவை அதிர்வது. சுருதி பிசகுவதற்கு அதற்கு அளித்திருக்கும் இடமோ 20 தடவைதான்! கூட்டின் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. ஹீலியத்தின் அழுத்தம் சற்று மாறினாலும், பம்பு அதிர்ந்தாலும், ஏன், உள்ளே செல்லும் அலையின் அழுத்தத்தாலேயே கூட, அது நெளிந்துவிடும். மின்சாரம் பட்டால் நீளும் சிறு பீங்கான் கட்டைகளைக் கொண்டு, நெளிவுக்கு எதிர்நெளிவு கொடுத்து அதைச் சீர்செய்ய வேண்டும்.

"இத்தனை தொல்லை எதற்கு? ரேடியோ சக்தியைக் கூட்டிக் கொடுத்தால் போகிறது" என்று வாதிப்போர் உளர். இந்த வாதம் கணக்கில் நிற்காது. பிசகு இருமடங்கானால், அதை ஈடுசெய்ய வேண்டிய அதிகப்படிச் சக்தி நான்கு மடங்காகும். நுட்பமான கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செலவிடத் தயங்குபவர், பெரிய மின்சாரப் பில்லுக்குக் கையெழுத்திடத் தயங்குவதில்லை, இது விந்தையே.

கூடுகளையும் சக்திபெருக்கிகளையும் செய்து கப்பலேற்றுவது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாத வித்தை இந்தச் சுருதிக் கட்டுப்பாடு. யந்திரத்தின் பக்கத்தில் இராப்பகலாக உட்கார்ந்துதான் அதைக் கற்க வேண்டும். அணுசக்தி இலாகா பார்லிமெண்டின் முன் வைக்கும் கணக்கில், அனுப்பிய சாமான்களின் ஜாபிதாவோடு, இவ்வேலையில் பயின்று திரும்பிய இந்திய இளைஞர் எத்தனை பேர் என்பதையும் வருஷந்தோறும் சேர்க்க வேண்டுமென்று கோருகிறோம்.