புகழ்மாலை போதும், பொறுப்பைத் தாருங்கள்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாளில் சிங்கப்பூரில் தாதியர் தினம் கொண்டாடப்படுகிறது. 1885ஆம் ஆண்டு அதே நாளில் பிரெஞ்சுக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பணியை ஏற்றதன் நினைவு அது. அன்று மலர்ச்செண்டுகள் வழங்கப்படும். வெண்ணுடை தரித்த தேவதைகள் என்று வாழ்த்துரைகள் முழங்கும். மறுநாள் காலை அத்தேவதைகளுள் ஒருவர், தம் பிரிவில் நோயாளர் தொகைக்கு ஏற்பத் தாதியர் இல்லை என்று சொல்ல முற்பட்டால், கேட்பதற்கு எத்தனை செவிகள் முன்வரும்? தேவதைகளுக்கு மேற்படிப்பு வேண்டா, அதிகாரமும் வேண்டா என்பது நமக்கு மிகவும் வசதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மறுப்பதற்கே இக்கட்டுரை.

பதிவுபெற்ற தாதியர், நோயாளர் பராமரிப்பில் தலைமை ஏற்பதற்குரிய முதுநிலைக் கல்வியைப் பெறவேண்டும். பெற்ற கல்வி நோயாளியின் படுக்கையருகிலேயே பயன்படவேண்டும். அதற்குரிய அதிகாரமும் அவர்கள் கையில் இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். மணி மூன்று. முதல் நாள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர் படுத்திருக்கிறார். இரத்த அழுத்தம் சீராக உள்ளது, காய்ச்சலும் இல்லை. ஆனால், நிமிடத்துக்கு 18ஆக இருந்த மூச்சு 26ஆக உயர்ந்திருக்கிறது. பேச்சிலும் சிறிது குழப்பம். மூச்சின் எண்ணிக்கை ஏறுவது, பிற குறிகள் தோன்றும் முன்னரே உடல் விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். மருத்துவர் அப்போது வேறு தளத்தில் இருக்கிறார். அருகில் இருப்பவர் தாதி ஒருவரே. அந்த எண்ணை ஏட்டில் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குச் செல்வதும், அதன் பொருளை உணர்ந்து மருத்துவரை எழுப்பி, "இப்போதே வாருங்கள்" என்று உறுதியுடன் கூறுவதும் ஒன்றாகுமா? முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்கு அறிவும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவை மதிக்கும் அமைப்பும் வேண்டும்.

வள்ளுவர் இதனை அன்றே உணர்ந்திருந்தார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கும் அவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகிறார். நால்வகையுள் ஒன்றாக அவர் வைத்ததை நாம் எடுபிடி வேலையாக்கிவிட்டோம்.

"அன்பும் பொறுமையும் இருந்தால் போதாதா? அவை பல்கலைக்கழகத்திலா கிடைக்கும்?" என்று கேட்பார் உளர். அன்பு வேண்டியதே, அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அன்புக்கு எடுத்துக்காட்டாக நாம் காட்டும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அன்பை மட்டுமா நம்பினார்? கிரிமியப் போரில் காயங்களால் மாண்டவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்ட வீரர்களே மிகுதி என்பதை 1858இல் புள்ளிவிவர வரைபடங்களாகத் தீட்டி ஆட்சியாளர் முன் வைத்தவர் அவர். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி அவர் பெயரால் தொடங்கப்பட்டது. அவர் கையில் இருந்த விளக்கை நினைவில் வைத்த நாம், அவர் போட்ட கணக்கை மறந்துவிட்டோம்.

கணக்கு இன்றும் பேசுகிறது. ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில், 300 மருத்துவமனைகளில், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளரைப் பற்றி லிண்டா எய்க்கன் குழுவினர் நடத்திய ஆய்வு 2014இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இளநிலைப் பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்த இடங்களில், 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. தாதி ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போது அந்த வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. இவ்வாய்வு இளநிலைப் பட்டத்தைப் பற்றியது. காட்டுவதும் தொடர்பையே அன்றி முடிந்த முடிவான காரணத்தை அன்று. எனினும், தாதியரின் கல்வி வெறும் அலங்காரம் என்பாருக்கு இதற்குமேல் என்ன மறுமொழி வேண்டும்?

முதுநிலை வகுப்பில் கற்பது யாது? உடற்குறிகளை ஆழ்ந்து ஆராய்தல், மருந்தியல், ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடுதல், தவறு நேர்ந்தால் பழிசுமத்த ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடுதல், நோயாளியின் நிலை, பின்னணி, தம் மதிப்பீடு, பரிந்துரை ஆகியவற்றைத் தம்மினும் மூத்தோரிடம் அஞ்சாது எடுத்துரைத்தல், இளையோரையும் அவ்வாறே உரைக்கப் பழக்குதல். இவை பணிமூப்பினால் தாமே கைவந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

"படித்தவுடன் படுக்கைப் பிரிவை விட்டு அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்களே!" என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால், குற்றம் யாருடையது? மேற்படிப்புக்குக் கோப்பும் நாற்காலியுமே பரிசு என்று வைத்தால், கற்றவர் அங்கேதான் செல்வார். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் தண்ணீரின்றியும், அழுக்குப் படுக்கையிலும் தவித்த கொடுமையை ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை ஆராய்ந்தது. 2013இல் வெளிவந்த அதன் அறிக்கை 290 பரிந்துரைகளை முன்வைத்தது. பிரிவுத் தலைமைத் தாதி அலுவலக அறைக்குள் முடங்கிவிடாமல் பிரிவை மேற்பார்வையிட வேண்டும், ஒவ்வொரு நோயாளியின் பராமரிப்புத் திட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தலைமையின் இடம் படுக்கையருகு என்பதை ஒரு நாடு இத்தனை துயரத்துக்குப் பின் கற்றுக்கொண்டது.

சிங்கப்பூர் இவ்வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் தாதிமை முதுநிலைப் பட்டக் கல்வியைத் தொடங்கியது. 2006இல் உயர்நிலைப் பயிற்சி பெற்ற தாதியருக்கெனத் தனிப் பதிவேடு உருவாயிற்று. தகுதி பெற்ற இத்தாதியர், மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் எல்லைக்குள் மருந்து எழுதித்தரப் பழக்கும் தேசியத் திட்டமும் 2018இல் வந்தது. பொதுத்துறைத் தாதியருக்கு இருபது ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் 'ஏஞ்சல்' திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலும் தேவதையே வீற்றிருக்கிறாள்! பணம் பணியில் நிற்கவைக்கும். பணியைத் தலைநிமிர்ந்து செய்யவைப்பது அதிகாரமே.

ஆகவே, நிருவாகத்தாரிடம் மூன்று கேட்கிறோம். படிக்கச் செல்லும் தாதியின் இடத்தில் மாற்று ஆளை நியமியுங்கள். அவர் இரவுப்பணி முடித்த கண்களோடு வகுப்பறைக்கு வரும்படி செய்யாதீர்கள். பட்டம் பெற்றவரின் பணி நேரத்தில் பெரும்பகுதி நோயாளியருகே கழியும்படி பதவியை வகுத்து, நிருவாகப் பதவிக்கு ஈடான ஊதியம் அதற்குத் தாருங்கள். பணியாளர் எண்ணிக்கையை முடிவுசெய்யும் மேசையில் அவருக்கு இருக்கை அளியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகின் சுகாதாரப் பணியாளருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். உயர்பொறுப்புகளில் அவர்கள் 25 விழுக்காட்டினரே. இந்த இடைவெளி தானே மூடிக்கொள்ளாது.

இறுதியாக, நம் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு சொல். மகள் மருத்துவரானால் ஊரெல்லாம் சொல்கிறோம், 'மிஸ்ஸி' வேலைக்குச் சென்றால், "சம்பளம் வருகிறது, இனி எதற்குப் படிப்பு?" என்கிறோம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சன்னலோரம் நின்று தாதியருக்காகக் கைதட்டியவர்களும் நாமே. அந்தக் கைகளால் நம் வீட்டுத் தாதியின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உதவுவோம். அவர் தேர்வுக்குப் படிக்கும் நாளில் அடுப்படி வேலையை நாம் ஏற்போம். நாளை இரவு மூன்று மணிக்கு அந்தப் படுக்கையில் மூச்சு வாங்கக் கிடப்பவர் நம் தந்தையாகவும் இருக்கலாம்.