நாலு பெயர் கொண்ட ஒருவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே நாம் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த தெரு அம்மாள் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய புதல்வன் பத்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் படித்தவன். இப்போது அமெரிக்காவில், அரிஸோனா ராஜ்யத்தில், டூஸான் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துவருகிறான். கணக்கில் சூரன், சொன்ன பேச்சைக் கேட்பதில் அவ்வளவு சூரன் என்று சொல்ல முடியாது.

"ஸார், நீங்கள்தான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறான். அவன் அப்பா சொன்னால் பேச்சை மாற்றுகிறான். உங்களிடம் மட்டுந்தான் இன்னும் கொஞ்சம் பயம் மிச்சமிருக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

விஷயம் இதுதான். பிப்ரவரி மாதத்தில் டூஸானுக்கு வடக்கேயுள்ள பாலைவனத்தில் ஒரு ஸைக்கிள் பந்தயம் நடக்கிறது. தார் ரஸ்தாவில் அல்ல. கல்லும் மணலும் கள்ளியும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில். சனிக்கிழமை நண்பகலில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரையில், இடையில் ஓர் இரவு முழுவதும், இருபத்துநாலு மணி நேரம் ஓட்டவேண்டும். பெரும்பாலோர் நாலு பேர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஒருவர் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் மற்ற மூவரும் சாப்பிட்டுத் தூங்கலாம். நம்முடைய மாணாக்கனோ தனி ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டான்.

"நாலு பேர் செய்கிற காரியத்தை இவன் ஒருவனே ஏன் செய்யவேண்டும்? யார் கேட்டார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

கேள்வி நியாயமானது. கடிதம் எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். ஆனால், விஷயம் தெரியாமல் கண்டிப்பது வாத்தியார்களின் குலதோஷம். அந்தத் தோஷத்தை இந்த ஒரு தடவையாவது தவிர்க்கலாம் என்று எண்ணி, ஒரு வாரம் இதைப்பற்றியே படித்தோம்.

இந்தப் பந்தயத்துக்கு 'ஓல்ட் பியூப்ளோவில் 24 மணி' என்று பெயர். 'பழைய ஊர்' என்பது டூஸானுக்கு அந்த ஊரார் இட்டிருக்கும் செல்லப் பெயர். ஒரு சுற்று ஏறக்குறைய 16 மைல். சுற்றின் முடிவில் ஒரு கூடார நகரமே எழும்புகிறது. ஒரு நாளைக்கு மட்டும் வாழ்ந்து மறையும் நகரம். தனியாளாக ஓட்டுகிறவர்களில் 16 சுற்றுக்களுக்கு மேல் முடித்தவர்கள் உண்டு. அது 250 மைலைத் தாண்டிய தூரம். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், சென்னையில் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளியையும் கடந்து போய்விட்டதற்குச் சமானம். அதுவும் கரடுமுரடான தடத்தில்.

ஆரம்பமே வேடிக்கையானது. துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் ஸைக்கிளை நோக்கிக் காலால் ஓடுகிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் லெமான் என்னுமிடத்தில் 1923-ஆம் வருஷத்திலிருந்து நடந்துவரும் இருபத்துநாலு மணி மோட்டார்ப் பந்தயத்திலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் இது. மோட்டார்க்காரர்கள் 1969-ஆம் வருஷத்தோடு அதை விட்டுவிட்டார்கள். ஓடிப்போய் ஏறும் அவசரத்தில் இடுப்புப் பட்டையைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே கிளம்பி உயிரை விட்டவர்கள் இருந்தார்கள் என்பது காரணம். ஸைக்கிளுக்கு இடுப்புப் பட்டை கிடையாதாகையால் இங்கே அந்த வழக்கம் பிழைத்துக் கிடக்கிறது.

பாதை ஓரத்தில் 'சோயா' என்று ஒரு கள்ளி. தொட்டால் போதும், ஒரு கணு அப்படியே கழன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தாவிக் குதிக்கிறது என்றே அவ்வூரார் சொல்லுகிறார்கள். முட்களின் நுனியில் மீன் பிடிக்கும் தூண்டில்போல் பின்னோக்கிய கொக்கிகள். கையால் பிடுங்கப்போனால் கையும் மாட்டிக்கொள்ளும். ஆகையால், விவரம் தெரிந்தவர்கள் சட்டைப் பையில் ஒரு தலைவாரும் சீப்பு வைத்துக்கொண்டு போகிறார்கள். சீப்பின் பற்களைக் கள்ளிக்கும் தோலுக்கும் நடுவில் செருகி ஒரு சுண்டுச் சுண்டினால் அது எகிறிப் போய்விடும். டயருக்குள்ளே பால்போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தின துவாரத்தை அது தானாகவே அடைத்துவிடும். மனிதருக்கு அப்படி ஒரு திரவம் இன்னும் ஏற்படவில்லை.

பகல் பொழுது இவ்விதம் போகிறது. ஆனால் பந்தயத்தின் உயிர் இரவில்தான் இருக்கிறது. பிப்ரவரியில் டூஸானில் பன்னிரண்டு மணிக்கு மேல் இருட்டு. பகலில் வெயில் அடித்த அதே மணல், இரவில் குளிரில் விறைத்துப்போகிறது. சில ராத்திரிகளில் தண்ணீர் உறையும் அளவுக்கு இறங்குகிறது. இதையும் மிஞ்சி, ஸ்காட்லாந்தின் வடபகுதியில், இன்வர்னெஸ் நகரத்துக்கு அப்பால், 'ஸ்ட்ராத்பஃபர்' என்று ஒரு பந்தயம் ஏற்படுத்தினார்கள். அது ஜனவரி மாதத்தில். இருபத்துநாலு மணியில் ஏறக்குறைய பதினேழு மணி இருட்டு. பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர்கள் வேண்டும். அந்தப் பந்தயத்தின் படங்களை அந்த அம்மாளிடம் நாம் காட்டவில்லை.

விளக்குகள் விஷயத்தில் ஒரு நுட்பம் தெரிந்துகொண்டோம். ஸைக்கிளின் கைப்பிடியில் ஒன்று, தலைக்கவசத்தின் மேல் ஒன்று, ஆக இரண்டு விளக்குகள் வேண்டுமாம். தலைமேல் உள்ளது கண் போகும் இடமெல்லாம் கூடவே போகும். ஆனால் கண்ணின் திசையிலிருந்தே வெளிச்சம் வருவதால் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தெரியும். கைப்பிடி விளக்கு தாழ இருப்பதால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் நீட்டிக் காட்டும். நாம் வாலிப வயதில் ஆறு மைல் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஸைக்கிளில் போய் வந்த காலத்தில் டைனமோ விளக்கு ஒன்று வைத்திருந்தோம். மேட்டில் மெதுவாக மிதிக்கும்போது, எப்போது வெளிச்சம் தேவையோ அப்போது பார்த்து அது கண்ணை மூடிக்கொள்ளும். இவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

வேறு கஷ்டங்கள் இருக்கின்றன. ஈரலிலும் தசைகளிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து மொத்தம் அரைக் கிலோவுக்கு மேல் போகாது. விரைந்து மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் காணும். அதற்குமேல் கொழுப்பை எரித்தும், அவ்வப்போது தின்றும் ஒப்பேற்றவேண்டும். தின்பதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் சுமார் 60 கிராம் சர்க்கரையைத்தான் குடல் உறிஞ்சும். இரண்டு விதச் சர்க்கரைகளைக் கலந்து உண்டு பழகினால் 90 கிராம் வரை. செலவோ அதற்கு மேல். பத்து மணி நேரத்துக்குப்பின் வயிறு, "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று முறைக்க ஆரம்பிக்கிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கைப்பிடியில் ஓயாமல் உள்ளங்கை அழுந்துவதால் அங்கே செல்லும் நரம்பு நசுங்குகிறது. பயந்துபோய்த் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால், இரத்தத்தில் உப்பு நீர்த்து, அதுவே ஆபத்தாய் முடியலாம்.

பின்னிரவு நாலு மணி சுமாருக்கு மனித உடம்பின் உஷ்ணம் மிகவும் தாழ்ந்துபோகும். தூக்கம் கெஞ்சும் நேரம் அதுதான். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படிக்கச் சொல்லிப் பையன்களை நாமே அதட்டியிருக்கிறோம். அவர்கள் விளக்கின்முன் தலை கவிழ்ந்து உறங்கியதன் காரணம் இப்போதுதான் விளங்கிற்று. ஸைக்கிள்மேல் இருக்கிறவனுக்குக் கள்ளிச் செடி மனிதனாகத் தெரியுமாம்; நிழல் நாயாகத் தெரியுமாம். அம்மாள் பயந்தது பொய்யல்ல.

சரி, தனியாக ஓட்டும் இந்த வழக்கம் எப்படி வந்தது? இங்கேதான் நாம் எதிர்பாராத கதை ஒன்று கிடைத்தது.

மலைப்பாதை ஸைக்கிளுக்கு இருபத்துநாலு மணிப் பந்தயம் வைத்து முதலில் பெயர் வாங்கியவர் லேர்ட் நைட் என்பவர். 1992-ஆம் வருஷத்தில் மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் கேனான் என்னும் பள்ளத்தாக்கில் அதை நடத்தினார். கோஷ்டிகளுக்காகவே ஏற்பட்ட பந்தயம் அது. தனி மனிதன் ஒருவன் இதைச் செய்வான் என்று யாரும் நினைக்கவில்லை; ஆகவே அதற்கு விண்ணப்பப் பத்திரத்தில் இடமும் இல்லை. 1996-ஆம் வருஷத்தில் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்னும் வீரர் என்ன செய்தார் என்றால், தம்முடைய ஒரே பெயரை நாலு விதமாக மாற்றி எழுதி, நாலு பேர் கொண்ட கோஷ்டி என்று பத்திரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டார்! பந்தய நாளில் நாலு பேருக்குப் பதில் அவர் ஒருவரே நின்றார். இரவு பகலாக ஓட்டியும் முடித்தார். பரீட்சை மண்டபத்தில் ஒருவன் இந்த வேலை செய்தால் நாம் சும்மா விடமாட்டோம். ஆனால் அங்கே விளைவு வேறாயிற்று. தனியாளுக்கென்று ஒரு பிரிவே பிறகு இத்தகைய பந்தயங்களில் ஏற்பட்டது. உலகப் போட்டியும் வந்தது. 2010 முதல் 2016 வரையில் அந்த உலகப் பட்டத்தை ஏழு தடவை வென்ற ஆஸ்திரேலியர் ஜேஸன் இங்கிலீஷ் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்குக் காரணமில்லாமல் ஒரு பெருமை உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

கதை இதோடு நின்றிருந்தால் பையனுக்கு ஆசீர்வாதக் கடிதமே எழுதியிருப்போம். இதற்கு நூறு வருஷங்களுக்கு முந்திய சங்கதி ஒன்று குறுக்கே வந்தது.

1891-ஆம் வருஷத்திலிருந்து நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்குவேர் கார்டன் மண்டபத்தில் ஆறு நாள் ஸைக்கிள் பந்தயம் நடந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டவேண்டும். தூங்கினால் தூரம் குறையும். ஆகையால் தூங்காமலே ஓட்டினார்கள். சித்தம் கலங்கி உளறினார்கள், கீழே விழுந்தார்கள், தூக்கி மறுபடியும் ஸைக்கிளில் உட்கார்த்தி வைத்துத் தள்ளிவிட்டார்கள். ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் பத்திரிகைகள் கண்டித்து எழுத, 1898-இல் நியூயார்க் ராஜ்யம் சட்டம் செய்தது: ஒருவன் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தயத்தில் ஓட்டக்கூடாது. பந்தயக்காரர்கள் யோசித்தார்கள், ஒருவனுக்கு இருவராகச் சேர்த்துப் பாதிப் பாதி ஓட்டவிட்டார்கள். இன்றும் ஒலிம்பிக்கில் இருவர் மாறி மாறி ஓட்டும் பந்தயத்துக்கு 'மாடிஸன்' என்றே பெயர்.

ஆக, அடுத்த தெரு அம்மாள் கேட்ட கேள்வியையே நியூயார்க் சட்டசபை ஒரு நூற்றாண்டுக்கு முன் கேட்டு, "தனியாக வேண்டாம்" என்று பதிலும் சொல்லிவிட்டது. அந்தப் பதிலைத்தான் ஸ்டாம்ஸ்டாட் நாலு பெயர் எழுதித் திருப்பிப்போட்டார்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஸைக்கிள் அபிமானிகள் சொல்லுவார்கள். அன்று கூலிக்காக ஓட்டினான். இன்று கட்டணம் செலுத்தி ஓட்டுகிறான். வாஸ்தவம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு உடம்பை வருத்துவதைவிடக் காசு கொடுத்து வருத்திக்கொள்வது மேலானது என்று நமக்கு அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை. நமக்குத் திருப்தி தந்த வித்தியாசம் வேறு. அன்று விழுந்தவனைத் தூக்கி உட்கார்த்தியவர்களுக்கு அவன் ஓடுவதில் லாபம் இருந்தது. இன்று தனியாளாக ஓட்டுகிறவனும் உண்மையில் தனியாள் அல்லன். சுற்று முடியும் இடத்தில் ஒரு கூடாரத்தில் அவனுக்காக யாராவது ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்: மனைவியோ, சகோதரனோ, சிநேகிதனோ. சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், விளக்குக்கு மின்கலம் மாற்றுவதும், கஞ்சி சுடவைப்பதும், "நாற்காலியில் உட்காராதே, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய்" என்று விரட்டுவதும் அவருடைய பணி. பேச்சுக் குழறுகிறதா, கண் நிலைகுத்துகிறதா என்று பார்த்து, "போதும், இறங்கு" என்று சொல்லவேண்டியவரும் அவரே. நாலு பேர் வேண்டாம். அந்த ஒருவர் வேண்டும். பதினாறு மைலுக்கு ஒரு தடவை அவர் முகத்தில் விழித்தாக வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டில் நாம் கண்ட ஒரே பத்திரம்.

ஆகவே நாம் எழுதிய கடிதத்தில் கண்டனமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: "உன் கூடாரத்தில் உட்காரப்போகிறவர் யார்? அவர் இறங்கு என்றால் இறங்குவாயா? அவருடைய பெயரையும் டெலிபோன் எண்ணையும் உன் தாயாருக்கு எழுதவும்."

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. கூட ஆராய்ச்சி செய்யும் சிநேகிதன் ஒருவன் கூடாரத்தில் இருப்பதாக ஏற்பாடாம். பெயரும் எண்ணும் எழுதியிருந்தான். "இறங்குவாயா" என்பதற்கு மட்டும், "முயற்சி செய்கிறேன், ஸார்" என்று இருந்தது. வீட்டுப் பாடம் விஷயத்திலும் அவன் சொல்லிவந்த பதில் இதுவேதான்.

கடிதத்தை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினோம். கள்ளியையும் சீப்பையும் பற்றியும் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சிநேகிதன் இந்தியில் பேசுவானா, இங்கிலீஷில் பேசுவானா என்று விசாரித்தார். வாசற்படி வரையில் போனவர் திரும்பி, "ஸார், பிளாஸ்டிக் சீப்பு என்றால் முள்ளில் பல் உடைந்துவிடாதா? எங்கள் வீட்டில் பழைய மரச் சீப்பு ஒன்று இருக்கிறது. தபாலில் அனுப்பினால் பிப்ரவரிக்குள் போய்ச் சேருமா?" என்று கேட்டார்.