முதிராத் தளிரே புற்று

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஓரிலையின் பருவங்களுக்கு ஐந்து பெயரிட்டவர் நம் முன்னோர். உயிரணுவுக்கும் பருவங்கள் உண்டு. எலும்பின் உள்ளே பிறக்கும் குருத்தணு படிப்படியாக முதிர்ந்து, குருதி வெள்ளணுவாகித் தன் கடனாற்றி மடிகின்றது. முதிராது தளிராகவே நின்று பெருகுமாயின், அதுவே குருதிப்புற்று.

அம்முதிர்வை நடத்துவன சில மரபணுக்கள். அவை ஆக்கும் புரதங்கள், பிற மரபணுக்களுள் எதனைப் படியெடுக்கலாம், எதனைக் கூடாது என ஆள்கின்றன. இவற்றைப் 'படியெடுப்புக் காரணி' என்கின்றனர். காரணி வடசொல்வழியது. ஆள்வது ஆளியாதலின், 'படியாளி' என்க.

படியாளி பழுதுற்றால் நேர்வதென்ன? வெள்ளணு இடைப்பருவத்திலேயே நின்றுவிடும் கடுங்குருதிப்புற்று வகையொன்று உண்டு. அதில் 15ஆம், 17ஆம் நிறப்புரிகள் முறிந்து இடம்மாறி ஒட்டியிருத்தலைச் சிக்காகோவில் சேனட் இரௌலி 1977இல் கண்டறிந்தார். அவ்வொட்டில் பிறக்கும் கலப்புப் படியாளி, முதிர்வு மரபணுக்களைப் பூட்டிவிடுகின்றது. சாங்காயில் வாங் சென்யி குழுவினர், 'ஏ' உயிர்ச்சத்தின் வழிவந்த காடியை 24 நோயாளர்க்குக் கொடுத்து, 1988இல் முடிவை வெளியிட்டனர். அனைவர்க்கும் நோய் அடங்கிற்று. ஒருவர்க்கே பிறிதொரு மருந்தும் வேண்டியிருந்தது. பூட்டுத் திறந்தது, புற்றணு முதிர்ந்தது.

எனினும், குருத்துத்தன்மை விடாத அணுக்கள் எஞ்சியமையால், காடி மட்டும் பெற்ற பலர்க்கு நோய் மீண்டது. மருத்துவர் அளந்து குருதியில் ஏற்றும் வெள்ளைப் பாடாணம், அக்கலப்புப் புரதத்தையே சிதைத்து வேரறுத்தது. இன்று இவ்விரண்டும் இணைந்து இந்நோயைப் பெரும்பாலும் தீர்க்கின்றன. எல்லாப் புற்றும் இவ்வாறு அடங்கா என்பதையும் மறவற்க.

இம்முதிர்வை 'உயிரணு வேறுபாடு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பிழை. வேறுபட்டதே நோய் என மாணவன் மயங்குவான். 'முதிர்வு' எனின், முதிரத் தவறியதே புற்று என்பது ஒரு சொல்லிலேயே விளங்கும்.

அன்பர்களே, அயற்சொல்லைக் கடிவது மட்டும் தமிழ்ப்பணி ஆகாது; பொருளைக் கற்றுச் சொல்லாக்குவதே பணி. நோயுற்ற தாய்க்கு அவள் நோயைத் தமிழில் விளக்க மருத்துவர்க்குச் சொல் இல்லையெனின், குற்றம் தமிழினது அன்று. அறிவியலைக் கற்காது காலங்கழித்த நம்முடையதே!