பாங்கொக்கில் ‘கொஞ்சக் காலம்’

லா சப்பலில் கறிவேப்பிலை வாங்க நிற்கும்போதும் இந்தப் பேச்சுக் காதில் விழுகிறது: “தம்பியைப் பாங்கொக் வரைக்கும் கொண்டுவந்தாச்சு, கொஞ்சக் காலம் அங்கை நிக்கட்டும்.” முகவர் சொல்லிக்கொடுத்த வசனம் இது. அந்தக் கொஞ்சக் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்வதை அவர் சொல்வதில்லை.

தாய்லாந்து, 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையொப்பமிடாத நாடு. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் ஒருவரை அகதியென ஏற்றுக் கடிதம் வழங்கினாலும், விசா முடிந்தவர் அங்கு 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி குற்றவாளியே. பொலிசார் மறித்தால் சுவான் புளூ தடுப்பு நிலையத்துக்குப் போகவேண்டியதுதான். 2023இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தெரிவுமுறை சிலருக்குப் பாதுகாப்பு அளிக்கலாம்; வேலை செய்யும் உரிமையை அது தானாகத் தருவதில்லை. ஓய்வூதியத்துடன் அங்கு வாழும் பிரெஞ்சுக்காரர், 90 நாட்களுக்கு ஒருமுறை முகவரியை அறிவித்துவிட்டுக் கடற்கரையில் உலாவலாம். எமது பிள்ளையோ மருந்து வாங்கவும் அஞ்சி அறைக்குள் இருக்கவேண்டும். அந்த அறையின் வாடகையும் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணனின் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

பாரிசிலும் துன்பம் இல்லாமலில்லை. பிறிபெக்சர் வாசலில் விடியுமுன் நின்ற கால்கள் எமக்கும் உண்டு. ஆயினும் இங்கு அகதியாக ஏற்கப்பட்டவருக்கு 10 ஆண்டு வதிவிட அட்டை இருக்கிறது. பொலிசார் மறித்தால் எடுத்துக் காட்டலாம்.

முகவருக்கு அடுத்த தவணையைக் கட்டுமுன், பாங்கொக்கில் ஏற்கெனவே இருக்கும் எவரோடேனும் பேசிப்பாருங்கள். எந்த நேரத்திலும் அழைக்கலாம். அவர் அறையில்தான் இருப்பார்.