கோல சிலாங்கூர் ஒருநாள் சுற்றுலா: வேன் நிற்காத இடத்தில் இருக்கிறது நம் கதை

2025 சிலாங்கூருக்கு வருகை தரும் ஆண்டு. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. இந்த இரண்டு இயக்கங்களாலும் பயன்பெறக்கூடிய ஊர்களைப் பட்டியலிட்டால், கோல சிலாங்கூருக்கு அதில் முன்வரிசையில் இடம் உண்டு. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு, நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். போதாததற்கு, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா விலக்கு வழங்கப்பட்டுள்ளதால், தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் ஒருநாள் பயணத்தின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். கடல் நீர் வற்றும் நேரம் ஒத்துவந்தால் முதலில் 'ஸ்கை மிரர்'. பிறகு புக்கிட் மெலாவத்தி குன்றில் குரங்குகள், டச்சுக்காரர் காலத்துக் கோட்டை, 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். மாலையில் பாசிர் பெனாம்பாங்கில் மீன், இறால், நண்டு. இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப் பூச்சிகள். இரவு பத்து, பதினொரு மணிக்குள் ஹோட்டலில் இறக்கிவிடுவார்கள்.

இதில் ஸ்கை மிரர் ஒரு விசித்திரமான 'தீவு'. சாசாரான், ஜெராம் கரைகளிலிருந்து படகில் போகவேண்டிய மணல் திட்டு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், நீர் வற்றும் சில மணி நேரம் மட்டுமே வெளியே தெரியும். கணுக்கால் அளவு நீரில் நின்று படம் எடுத்தால், வானமும் ஆளும் தலைகீழாகத் தரையில் தெரிவார்கள். நீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரையும் படகில் ஏற்றிவிடுவார்கள். சிறிது நேரத்தில் திட்டு காணாமல் போய்விடும். சமூக ஊடகப் படங்களால் புகழ்பெற்ற இடம் இது. ஒரு மணல் திட்டு ஓர் ஊரின் வருமானத்தையே மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குன்றில் வழிகாட்டி சொல்லும் கதையும் சுவையானதுதான். 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்பர்க் என்று பெயர் வைத்ததும், அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டதும் பயணிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. வெள்ளி நிற லூத்தோங் குரங்கின் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும் என்பதைக் கேட்டுப் பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள்.

ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி இந்த இடங்களுக்குப் போய்வரும் வழியில் வேன் எதைக் கடந்து போகிறது? ஈஜோக், அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா. வழியெங்கும் செம்பனை. அந்த நேரத்தில் வழிகாட்டியின் ஒலிவாங்கி மௌனமாக இருக்கும். பயணிகளில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். இந்த நாட்டின் பொருளாதார வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயம் அந்த மௌனத்துக்குள்தான் கிடக்கிறது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது இந்த மண்ணில்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் நெடுநாள் அழைத்து, இன்று பெஸ்தாரி ஜெயா என்றாகிவிட்ட ஊரின் தென்னமரம் தோட்டம் அது. தோல்வியடைந்த காப்பிச் செடிகளுக்குப் பதிலாகச் செம்பனையை நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரந்தாவ் பாஞ்சாங்கில் அவர் செம்பனையை வைத்துப் பார்த்திருந்தார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் இலக்கியப் பரிசையும் பெற்றார்.

தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். தென்னமரம். நம் பேச்சுத்தமிழ் அப்படியே ரோமன் எழுத்தில் உட்கார்ந்து, இன்று நிறுவன ஆவணங்களிலும் ஆலைப் பெயர்ப்பலகையிலும் நிற்கிறது. துரை பிரெஞ்சுக்காரர், பயிர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பெயர் தமிழ். இதைவிடச் சிறந்த சுற்றுலாக் கதை வேறென்ன வேண்டும்? 2017-இல் இத்தொழிலுக்கு நூறு ஆண்டு நிறைந்தது. முதலாளியின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. குழி வெட்டியவர்கள், நாற்று சுமந்தவர்கள், குலை தள்ளியவர்கள் ஆகியோரின் பெயர்கள் பிரட்டுப் புத்தகத்தோடு போய்விட்டன.

நாம் ஏன் இந்தச் சுற்றுலாவில் இல்லை என்று கேட்டால், 'நம் ஆட்களுக்கு முயற்சி போதாது' என்று சொல்வது நம்மிடையே ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்றுலாவின் வரைபடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். பயணிகள் இறங்கும் இடங்கள் எல்லாம் கடலோரம், ஆற்றோரம். கம்போங் குவாந்தானில் துடுப்பு வலிப்பவர்கள் ஆற்றங்கரைக் கம்பத்து மலாய்க்காரர்கள். ஜெராம், சாசாரான், பாசிர் பெனாம்பாங் படகுத்துறைகளிலும் உணவகங்களிலும் மீனவக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் சீனக் குடும்பங்களே அதிகம். அவர்களிடம் படகு இருந்தது, துறை இருந்தது, வீட்டுக்கு நிலம் இருந்தது. மீன் குறைந்தபோது பயணியை ஏற்றினார்கள். நம்மவர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, தடுப்பு முகாமில் வைத்து, நேராக உள்நாட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கைமாற்றிக் கொடுக்க ஒரு படகோ, ஒரு கடையோ, ஒரு துண்டு நிலமோ இல்லாதவர்களிடம் தொழில்முனைப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் நம் கைகளுக்குப் பதிலாக வெளிநாட்டுத் தொழிலாளர் கைகள் வந்தன. லயங்கள் இடிபட்டன. தமிழ்ப்பள்ளிகள் சில தோட்டப் பெயரோடு தாமானுக்குக் குடிபெயர்ந்தன. 'லாடாங்' என்ற சொல் பள்ளியின் பெயரில் இருக்கும், சுற்றிலும் தோட்டம் இருக்காது. முனியாண்டியும் மாரியம்மனும் மட்டும் பல இடங்களில் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். தோட்டப்புறப் பக்தர்களால் வளர்ந்த வழிபாடு, இன்று கருங்கல் சிற்பங்களோடும் 51 சக்தி வடிவங்களோடும் பெரும் ஆலயமாக நிற்கிறது. சீனர், வெளிநாட்டினர் உட்படப் பலரும் தேடி வந்து பார்க்கிறார்கள். இந்தப் பாதையில் நம்முடையது என்று வேன் நிற்கும் இடம் ஏறத்தாழ இது ஒன்றுதான். அங்கேயும் பெரும்பாலோர் அரைமணி நேரம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கட்டடக்கலை பற்றிக் கேட்டுக்கொள்கிறார்கள்; இப்படி ஓர் ஊரில் இவ்வளவு பெரிய அம்மன் ஆலயம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பதில்தான் தோட்டத்தின் கதை.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டிருக்கின்றன? மொரிசியஸ் தீவைச் சுற்றிக் காட்டும் பயணங்களில் கடற்கரையும் கரும்புக்காடும் மட்டும் வருவதில்லை. போர்ட் லூயிசில் உள்ள ஆப்பிரவாசி காட் என்ற இடமும் வரும். 1849 முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையேறிய முகாம் அது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அந்தத் தீவுக்கு அப்படி வந்தார்கள். அவர்கள் ஏறிய 16 கல் படிகளைப் பயணிகள் இன்று நின்று பார்க்கிறார்கள். 2006-இல் அது உலக மரபுடைமைத் தளமானது. ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நவம்பர் 2, அங்கே பொது விடுமுறை. நம் நாட்டின் உலக மரபுடைமைப் பட்டியலில் மலாக்கா, ஜோர்ஜ் டவுன், லெங்கோங், நியா எல்லாம் இருக்கின்றன. 2025-இல் சிலாங்கூரில் உள்ள கெப்போங் வன ஆராய்ச்சிக் கழக வனப்பூங்காவும் சேர்ந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றுக்கென்று ஓர் இடம் அதில் இல்லை. மொரிசியசில் நம்மவர்கள் பெரும்பான்மை, அரசு அவர்கள் கையில் இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு மாவட்ட அளவிலான சிறு காட்சியகத்துக்குக்கூடப் பெரும்பான்மை தேவையா என்ன?

இன்னொரு பக்கம் இலங்கை. மலையகத்தில் துரை பங்களாக்கள் விலையுயர்ந்த தங்கும் விடுதிகளாகிவிட்டன. 300 கிலோமீட்டருக்கும் அதிகமான பெக்கோ நடைபாதை தேயிலைத் தோட்டங்களின் ஊடாக 22 கட்டங்களாகப் போகிறது. வெள்ளைக்காரப் பயணிகள் கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அதே பெண்கள் ஒருநாள் ஊதியம் 1,700 ரூபாய் வேண்டும் என்று 2024-இல் போராடிக்கொண்டிருந்தார்கள். தோட்டச் சுற்றுலா என்று நாம் பேசத் தொடங்கும்போது எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை. லயத்து வீட்டையும் வறுமையையும் காட்சிப்பொருளாக்கி, வருமானத்தை வேறு யாரோ எடுத்துப்போகும் ஏற்பாடு நமக்கு வேண்டாம்.

வட சிலாங்கூரில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருள் உண்டு. நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடிய வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரியும். நாளிதழில் எத்தனை முறை அந்தச் செய்தியைப் படித்திருப்போம்! வாழ்ந்த மனிதருக்கு வீட்டுச் சாவி கிடைக்கும் முன்னால், அவருடைய தாத்தாவின் பால்வாளிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தால் அது கேலியாகத்தான் முடியும். வீட்டுரிமை முதலில், காட்சியகம் அதற்குப் பிறகு. ஆனால் 'பிறகு' என்பது இன்னும் இருபது ஆண்டாக இருக்கக்கூடாது. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டதை நேரில் கேட்டவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.

நடைமுறைக்கு வருவோம். சுற்றுலாத் தொழில் சட்டம் 1992-இன்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட உரிமம் வேண்டும். நாடு முழுவதும் எல்லாவகைச் சுற்றுலாவையும் நடத்தும் பொது வழிகாட்டிக்கு நீல அட்டை. குறிப்பிட்ட இயற்கைப் பகுதியில் மட்டும் வழிகாட்டும் உள்ளூர்க்காரருக்குப் பச்சை அட்டை. பயிற்சிக் கட்டணம் ஆயிரங்களில் போகும். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்து, தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் அந்தப் பணத்தையும் அத்தனை நாளையும் எங்கே தேடுவான்? இந்திய சமுதாயத்துக்கென்று ஒதுக்கப்படும் திறன் பயிற்சி நிதியில், சமையல், அழகுக்கலை, தையல் பயிற்சிகளோடு இதையும் சேர்க்கலாமே. ஒரு தொகுதிக்குப் பத்துப் பேர் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பத்துக்குத் தமிழில் பேசும் வழிகாட்டி தேவைப்படுகிறார். ஆங்கிலத்தில் சொல்லும்போது பாட்டிமார் வேன் பின்னிருக்கையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தென்னமரம் இன்றும் இயங்கும் தோட்டம். நிர்வகிப்பது எஸ்டி கத்ரி, அதாவது 2024-இல் பெயர் மாறிய சைம் டார்பி பிளாண்டேஷன். உள்ளே போக அனுமதி வேண்டும். ஆலை, லாரி, பாதுகாப்பு என்று நிர்வாகத்துக்கு நியாயமான தயக்கங்கள் இருக்கும். ஆகவே தோட்டத்துக்குள் பேருந்தை விடச் சொல்லவேண்டியதில்லை. சாலையோரத்தில் ஒரு தகவல் பலகை, அதில் மலாய், ஆங்கிலத்தோடு தமிழும், வேன் பத்து நிமிடம் நிற்க இடம். கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடம் கேட்கக்கூடிய அளவுதான் இது. பணம் போட ஆள் வேண்டுமென்றால் கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பால் தோட்டங்களையே வாங்கினார்கள். இரண்டு வேன் வாங்குவது அதைவிடச் சிரமமா?

மின்மினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தோட்டத்தோடு சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்துவிடக்கூடாது. சிலாங்கூர் ஆற்றில் ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சிகள் பெரெம்பாங் மரத்தில் கூடுகின்றன. ஆனால் அவற்றின் புழுக்கள் வளர்வது மரத்தில் அல்ல. கரைக்கு உட்புறம் உள்ள ஈரத் தரையில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரைவரை செம்பனை வைத்துத் தரையை வழித்துவிட்டால், மரத்தை விட்டுவைத்தாலும் பூச்சி குறையும். சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம் கரையோரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருப்பதற்குக் காரணம் இதுதான். இயந்திரப் படகு இல்லாமல் துடுப்புப் படகில் போவதும், விளக்கு அடித்துப் படம் எடுக்க விடாததும் அதே அக்கறையால்தான். தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள அந்தச் சில மீட்டர் நிலத்தைத் தெரிந்தவர்கள், அங்கே புல் வெட்டிய, மருந்து அடித்த நம் பெரியவர்கள். எந்தக் கரையில் எந்த ஆண்டு மின்மினி நின்றுபோனது என்று அவர்களிடம் கேட்டு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

பள்ளி விடுமுறையில் இந்தப் பக்கம் போகும் நம் குடும்பங்களும் வேனை நிறுத்தச் சொல்லலாம். வாகனமோட்டி காரணம் கேட்டால், தென்னமரம் என்ற பெயர்ப்பலகையைக் காட்டுங்கள்.